எட்டாம் நாள் காய்ச்சலுக்குப் பாம்பு பொறுப்பல்ல

கேள்வி: டொக்டர், என் அப்பாவுக்கு 61 வயது. வவுனியாவில் எங்கள் வயலைப் பார்க்கப் போன இடத்தில், வரப்பில் வைத்துக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிச் சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, நடுங்கி, மூச்சு முட்டியதாம். நிறுத்தி, ஊசி ஒன்று போட்டு, மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் துண்டு வெட்டி, வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி, தோலில் அரிப்பும் தடிப்பும். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கால் வீக்கமும் முழுதாக வற்றவில்லை. உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமானவர், “விஷம் இன்னும் இரத்தத்தில் சுற்றுகிறது, மூன்று நாள் ட்ரிப் போட்டுச் சுத்தம் செய்யலாம்” என்று 45,000 ரூபாய் கேட்கிறார். ஒவ்வாமைப் பரிசோதனைக்குத் தனியாகக் காசு. அப்பாவுக்கு இனிமேல் பாம்புக்கடி மருந்து ஏற்றவே கூடாது என்றும் சொல்கிறார். இன்று பத்தாம் நாள். விஷம் உள்ளே இருக்கிறதா?

பதில்:

முதலில் அந்த 45,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். முற்பணம் கொடுத்திருந்தால் மீதியையாவது கொடுக்காதீர்கள். அப்பாவின் உடம்பில் இப்போது நடப்பது பாம்பின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை, பெரும்பாலும் குதிரையின் வேலை. சிரிக்க வேண்டாம் பிள்ளை, கீழே விளக்குகிறேன்.

ஆனால் நான் அவரை நேரில் பார்க்கவில்லை. ஆகவே இதை வாசித்து முடித்த கையோடு அவரை ஓர் அரச வைத்தியசாலைக்கோ, உங்களுக்குத் தெரிந்த பொது மருத்துவ நிபுணரிடமோ கூட்டிப்போங்கள். வவுனியாவில் தந்த டயக்னோசிஸ் கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வசனம் இது: “பாம்புக்கடிக்கு மருந்து ஏற்றி எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது.” காய்ச்சல் என்று மட்டும் தொடங்கினால், கொழும்பில் அடுத்த சொல் டெங்குதான். டெங்கு இல்லையென்றால் வைரஸ் காய்ச்சல், பனடோல், அடுத்த நோயாளி. பாம்பு பற்றிய பேச்சே வராமல் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

உங்கள் அப்பாவின் உடம்பு மூன்று தடவை கொதித்திருக்கிறது. மூன்றும் ஒரே பாம்பில் தொடங்கியதால் மூன்றையும் விஷம் என்கிறீர்கள். 45,000 ரூபாய் கேட்கும் அந்தத் தரகரும் அப்படித்தான் சொல்கிறார், அவருக்கு அது வசதி.

முதலாவது கொதிப்பு கடித்த இடத்தில். விஷம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோம். உள்ளே இருப்பது பல புரதங்களின் கலவை, அவற்றில் பெரும்பாலானவை நொதியங்கள், அதாவது பாம்பு தன் இரையைச் செரிக்கவும் உதவும் கத்தரிக்கோல்கள். ஒரு கத்தரிக்கோல் நமது கலங்களின் சுவரில் உள்ள கொழுப்பை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டில் இருந்து அரகிடோனிக் அமிலம் வெளிவரும். அதை எடுத்துப் புரஸ்டகிளாண்டின் என்னும் பொருளாக மாற்றுவது பாம்பல்ல, நமது உடம்பு. வலி, சிவப்பு, வீக்கம் எல்லாம் அதன் பிறகுதான். இன்னொரு கத்தரிக்கோல் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அடித்தளத்தை அரிக்கிறது, குழாய் கசிகிறது. விஷமும் சேதமும் சேர்ந்து, தோலுக்கடியில் காவலிருக்கும் மாஸ்ட் கலங்களை உசுப்பிவிட, அவை ஹிஸ்டமினை அள்ளிக் கொட்டுகின்றன. செத்த கலங்களில் இருந்து சிந்தும் பொருட்கள், “இங்கே ஏதோ உடைந்துவிட்டது” என்று வெண்குழியங்களைக் கூவி அழைக்கின்றன. வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்கப் போய்ப் பானை சட்டி முழுவதையும் உடைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அழற்சி என்பது ஏறக்குறைய அதுதான்.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பாம்பும் அடிபடுகிறது. 2006இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், மாஸ்ட் கலங்கள் இல்லாத எலிகள்தான் பாம்பு விஷத்தில் எளிதாகச் செத்தன. அந்தக் கலங்கள் கொட்டும் பொருட்களில் ஒன்று விஷப் புரதத்தையே வெட்டிப்போடுகிறது. ஆகவே வீக்கத்தை முழு எதிரியாக நினைத்து, அதை அடக்கினால் போதும் என்று கிளம்புவது தவறு.

கிளம்புகிறார்களே! பாமசிக்குப் போய் “வீக்கத்துக்கு ஒன்று தாருங்கள்” என்பார்கள். பாமசிக்காரரும் டைக்ளோபெனக்கோ இபுபுரோபெனோ தருவார், பழைய ஆட்கள் அஸ்பிரின் கேட்பார்கள். நான் மேலே சொன்ன புரஸ்டகிளாண்டினை இவை தடுப்பது உண்மை. ஆனால் கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைத் தின்று தீர்த்து, உறையாத இரத்தமாக்கிவிடும். சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இந்த மாத்திரைகளும் அதே இரண்டு இடங்களில்தான் கை வைக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது அட்டை கிடந்தால் எடுத்து எறியுங்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதும். அதேபோல, வீங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாம்புக்கடி வீக்கத்தில் பெரும்பகுதி கிருமியால் வருவதல்ல. புண் பழுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

கால் ஏன் இன்னும் வற்றவில்லை என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. விஷமுறி மருந்து இரத்தத்தில் ஓடும் விஷத்தைக் கட்டிப்போடும். அதற்குள் வெட்டுண்ட தசையையும் கசிந்த குழாயையும் அது ஒட்டவைக்காது. திருடனைப் பொலிஸ் பிடித்த பிறகும் உடைந்த கதவு உடைந்தபடிதானே இருக்கும்? பத்தாம் நாளில் காலில் மிஞ்சியிருக்கும் வீக்கம் பழுதுபார்க்கும் வேலை நடப்பதைத்தான் காட்டுகிறது. உள்ளே விஷம் சுற்றுவதாக அதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது கொதிப்பு, மருந்து ஏறிய சில நிமிடங்களில் வந்த நடுக்கமும் மூச்சு முட்டலும். இங்கேதான் குதிரை வருகிறது. நமக்கு ஏற்றும் மருந்து இந்தியாவில் தயாராவது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகளை, அதாவது விஷத்தைக் கட்டிப்போடும் புரதங்களைப் பிரித்தெடுப்பார்கள். அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. கடல் தாண்டி வரும் அந்த மருந்துதான் வவுனியா வரப்பில் கடிபட்டவருக்கும். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷமும் நமது பாம்பின் விஷமும் அச்சொட்டாக ஒன்றல்ல என்று இங்குள்ள ஆய்வாளர்கள் எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறார்கள்! நமது பாம்புகளுக்கென்று ஒரு மருந்து நமது வார்ட்டுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. விட்டுவிடுவோம், அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் அப்பாவை மறந்துவிடுவேன்.

குதிரைப் புரதம் ஒரேயடியாக உள்ளே போனால் உடம்பு சும்மா இருக்குமா? 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, இலங்கை வைத்தியசாலைகளில் இந்த மருந்து ஏற்றப்பட்ட ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களைக் கவனித்தது. நான்கில் மூன்று பேருக்கு ஏதோவொரு எதிர்விளைவு வந்தது, பெரும்பாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள். நான்கில் மூன்று பேர்! அப்பாவின் உடம்பில் விசேட பலவீனம் எதுவும் இல்லை, அவர் பெரும்பான்மையில் ஒருவர். குதிரையோடு வாழ்நாளில் எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கும் முதல் முறையிலேயே இது வரும். இறால் ஒத்துக்கொள்ளாது என்கிறோமே, அந்த மாதிரி ஏற்கெனவே பழகி வைத்த ஒவ்வாமை பெரும்பாலும் இதற்குக் காரணமல்ல. மருந்தில் உள்ள புரதம் நேரடியாகவே உடம்பின் எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மருந்து ஏற்றுவதற்கு முன் தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டால் கடுமையான எதிர்விளைவுகள் ஏறத்தாழ 40 வீதம் குறைகின்றன. வழக்கமாக எழுதித் தள்ளும் ஸ்டீரொய்ட் ஊசிக்கும் ஒவ்வாமை ஊசிக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. அப்பாவுக்கு மருந்தை நிறுத்தி ஓர் ஊசி போட்டு, பிறகு தொடர்ந்தார்கள் என்கிறீர்கள். அந்த ஊசி அட்ரினலினாக இருந்திருக்க வேண்டும். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். மூச்சு முட்டியதைப் பார்த்துப் பயந்து மருந்தை அடியோடு நிறுத்தியிருந்தால், நீங்கள் இன்று எனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் வேறு.

இனி அந்த ஒவ்வாமைப் பரிசோதனை. விஷமுறி மருந்தைத் தோலில் ஒரு சொட்டுக் குத்திப் பார்த்து, ஏற்றினால் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே அறியும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று 1986இலேயே காட்டிவிட்டார்கள். நாற்பது வருடம் ஆகப்போகிறது. இறால், கச்சான், வீட்டுத் தூசி என்று நீண்ட பட்டியலோடு ஒரு பொதியைக் கட்டி விற்கும் லாப் தரகருக்கு அது தெரியாதா? தெரியும். அந்தப் பட்டியலில் எது தேறினாலும் தேறாவிட்டாலும், அடுத்த பாம்புக்கடியில் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. இரத்தத்தில் மிச்சமுள்ள விஷத்தின் அளவைக் காட்டும் டெஸ்ட் என்று யாராவது சொன்னால், அந்தப் படியிலேயே இறங்கி வந்துவிடுங்கள். விஷத்தை அளக்கும் முறை ஆராய்ச்சிக் கூடங்களில் உண்டு, நோயாளிக்காக வழமையாகச் செய்வதல்ல. வார்ட்டில் நாங்கள் நம்பும் சோதனைக்குச் செலவே இல்லை: சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் வேலை செய்கிறது. கமிஷன் வைக்க இடமில்லாத சோதனை என்பதால் அதைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இனி மூன்றாவது கொதிப்பு, எட்டாம் நாள் வந்தது. குதிரைப் புரதம் உள்ளே போனதில் இருந்து அப்பாவின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று குறித்துக்கொண்டு, எதிராகப் பிறபொருளெதிரிகளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். தயாரானதும், இரத்தத்தில் இன்னும் மிதக்கும் குதிரைப் புரதத்தோடு அவை பிணைந்து சிறு சிறு கட்டிகளாகும். வடிகட்டியில் சக்கை அடைப்பதுபோல, அந்தக் கட்டிகள் தோலிலும் மூட்டிலும் சில வேளை சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்களில் படியும். படிந்த இடத்தில் அழற்சி. தோலில் படிந்தால் தடிப்பு, மூட்டில் படிந்தால் வலி, கூடவே காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டவும் கூடும். இதற்குப் பெயர் சீரம் நோய். 1905இல் வியன்னாவில் பிர்கே, ஷிக் என்ற இரு குழந்தை வைத்தியர்கள், தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் போட்ட பிள்ளைகளிடம் இதைக் கவனித்து விரிவாக எழுதிவைத்தார்கள். ஒவ்வாமைக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லே மறுவருடம் அந்தப் பிர்கே உண்டாக்கியதுதான்.

வழமையாக ஐந்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வரும். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, துண்டு வெட்டும்போது “அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் உடனே வாருங்கள்” என்று ஒரு வரியை நோயாளி அறிந்த மொழியில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். உங்கள் அப்பாவின் கார்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில், கோழி கிளறிய எழுத்தில், மருந்து ஏற்றியதாக இருக்கும். எத்தனை குப்பி, எதிர்விளைவு எவ்வளவு கடுமை, எதைக் கொடுத்து அடக்கினார்கள் என்பது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வார்ட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடக்கும்போது இதைக் கேட்கலாமா என்று இளைய வைத்தியர்கள் என்னிடம் கோபிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத வெற்றிடத்தில்தான் 45,000 ரூபாய்க்காரர் வந்து உட்காருகிறார்.

சீரம் நோய் பெரும்பாலும் தானாகவே தணியும். அரிப்புக்கு மாத்திரையும், வேதனை அதிகமென்றால் சில நாட்களுக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட்டும் வைத்தியர் தருவார். விஷத்தால் வந்த வீக்கத்துக்குப் பயனில்லாத ஸ்டீரொய்ட் இங்கே பயன்படும், ஏனென்றால் இப்போது குழப்படி செய்வது உடம்பின் சொந்தப் படை. ஆனால் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் அது எகிறிவிடும். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருந்தால் அதையும் மூடி மறைக்கும். சிறுநீரில் புரதமோ இரத்தமோ போகிறதா என்றும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி விரியனும் சிறுநீரகத்தைத் தொடும், இந்தக் கட்டிகளும் தொடலாம் என்பதால் இவை இரண்டும் செய்யத்தக்க பரிசோதனைகள்.

ட்ரிப் போட்டு இரத்தம் சுத்தம் செய்வது பற்றி ஒரு சொல். அந்தப் போத்தலில் என்ன இருக்கும்? சேலைன், விற்றமின், போகிற போக்கில் ஒரு ஸ்டீரொய்ட். அந்த ஸ்டீரொய்ட்டால் மூட்டு வலி மறுநாளே குறையும், அவர் “பார்த்தீர்களா, விஷம் இறங்கிவிட்டது” என்பார். நீங்களும் நாலு பேருக்குச் சொல்வீர்கள். ஊரில் விஷக்கல்லை வைத்துக் காசு பார்ப்பவரும் இதே கணக்கில்தான் பிழைக்கிறார். கடித்த பாம்பு விஷத்தை இறக்காமல் விட்ட கடிகள் எத்தனையோ உண்டு, அத்தனையும் கல்லின் வரவில் எழுதப்படும். கல்லுக்காரரையாவது மன்னிக்கலாம், அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறது. காலி வீதியில் ஏசி அறை வைத்திருப்பவருக்கு என்ன சாட்டு?

ஒருமுறை கடித்துப் பிழைத்தால் உடம்பு பழகிவிடும், அடுத்த முறை ஏறாது என்றும் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அப்படிப் பாதுகாப்பு வராது. மாறாக, பாம்போடு தொழில் செய்வோர் சிலருக்கு விஷத்தின் மீதே ஒவ்வாமை உண்டாகி, அடுத்த கடியில் சில நிமிடங்களில் மயங்கி விழுவதும் உண்டு.

ஆகவே, இனி ஏற்றவே கூடாது என்ற அந்தப் பேச்சைத் தலையில் ஏற்றாதீர்கள். மறுபடியும் கண்ணாடி விரியனோ, நாகமோ, எட்டடி விரியனோ, சுருட்டையோ கடித்து விஷம் ஏறியிருந்தால் அப்பாவுக்கு இதே மருந்துதான் ஏற்ற வேண்டும். முன்பு இப்படி நடந்தது என்று சொன்னால் அவர்கள் அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு. உள்ளே ஓடும் விஷத்துக்கு இது ஒன்றுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு, அதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்த மருந்து இது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். மேல்நோக்கி வளைந்த மூக்கு, முக்கோணத் தலை, காய்ந்த இலை நிறம், ஒன்றரை அடிகூட இல்லாத சிறிய குழிவிரியன். அவிசாவளை, களுத்துறைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், கொழும்பைச் சுற்றியுள்ள ஈர நிலத்து வீட்டு வளவுகளிலும் சருகோடு சருகாகக் கிடக்கும். ஈரவலயத்தில் ஆட்களைக் கடிப்பதில் முன்னணியில் நிற்பது இதுதான். இதன் கடிக்கு அந்த இந்திய மருந்து வேலை செய்யாது. இதற்கென்று மருந்தே இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? பெரும்பாலானவர்களுக்குக் கடித்த இடத்தில் கடும் வலி, வீக்கம், கொப்புளம், சில வேளை தசை அழுகல். கவனித்துப் பார்த்துக்கொண்டால் சுகமாகிவிடும். ஒரு சிறு தொகையினருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் படுத்துவிடும், அரிதாக உயிரும் போகும். எனவே “சின்னப் பாம்புதானே” என்று வீட்டில் கிடத்தக் கூடாது. வார்ட்டில் வைத்து இரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே உறவினர் கூட்டம் என்ன செய்கிறது? “ஏன் இன்னும் மருந்து ஏற்றவில்லை, காசு தந்தால்தான் ஏற்றுவீர்களா” என்று சத்தம் போடுகிறது. அரச வைத்தியசாலையில் அந்த மருந்து இலவசம். வேலை செய்யாது என்பதால்தான் ஏற்றவில்லை. சத்தத்துக்குப் பயந்து ஏற்றினால் குணகட்டுவாவின் விஷத்தோடு குதிரையின் எதிர்விளைவும் சேரும், பலன் சைபர். இந்தச் சண்டையை நான் என் கண்ணால் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. சின்ன விரியன் என்றதும் குணகட்டுவா என்று முடிவுகட்டி, அது கண்ணாடி விரியனின் குட்டியாக இருந்துவிட்டால் ஆபத்து. கண்ணாடி விரியன் குட்டிக்கும் விஷம் உண்டு. ஆகவே பாம்பைத் தேடி அடிக்காதீர்கள், பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். செத்ததாக நினைத்த பாம்பு கடித்த கதைகள் எங்களிடம் ஏராளம். தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் அந்தக் கண்ணாடிக் குழாயும், நோயாளியின் கண் இமை தொங்குகிறதா என்பதும் எங்களுக்கு நிறையச் சொல்லும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அப்பாவுக்கு மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்து தேயிலைச் சாயம்போலப் போனாலோ இரவென்று பாராமல் கொண்டுபோங்கள். இல்லாவிட்டாலும் நாளைக் காலையைத் தாண்ட விடாதீர்கள். வவுனியா வார்ட்டுக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை குப்பி ஏற்றினார்கள், எதிர்விளைவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, திகதியோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, அவருடைய அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் பிரஷருக்கோ சீனிக்கோ குளிசை குடிப்பவரென்றால் அவற்றின் பெயர்களையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.